அழுத்தத்தை மதித்த மனிதர் ருடால்ஃப் டீசல்

டீசல் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பெட்ரோல் பங்க், லாரிப் புகை, கிணற்று மேட்டில் தடதடக்கும் ஆயில் இன்ஜின். ஆனால் டீசல் என்பது முதலில் ஒரு மனிதரின் பெயர் என்பதை நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்? அதுவும் நம்மைப் போலவே ஒரு பாலிடெக்னிக்கில் படித்த மாணவரின் பெயர்! ஆட்டோமொபைல், மெக்கானிக்கல் நண்பர்கள் மட்டுமல்ல, லீவில் வீட்டுக் காரின் பானெட்டைத் திறந்து பார்க்கும் ஆசை உள்ள ஒவ்வொருவரும் அறிய வேண்டிய வாழ்க்கை அவருடையது.

இளமையும் படிப்பும்

1858 மார்ச் 18 அன்று பாரிஸில் பிறந்தார் ருடால்ஃப் டீசல். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியாவைச் சேர்ந்தவர்கள். அப்பாவுக்குப் புத்தக பைண்டிங், தோல் சாமான் தொழில். பெரிய வசதி ஒன்றும் கிடையாது. 1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஜெர்மன்காரர்கள் பிரான்சை விட்டுப் போக வேண்டிய நிலை. குடும்பம் லண்டன் போய்ச் சேர்ந்தது. 12 வயதுப் பையனை மட்டும் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்குப் படிக்க அனுப்பினார்கள். அந்த உறவினர் ஒரு கணக்கு வாத்தியார்.

தாய் தகப்பனைப் பிரிந்த பையன் படிப்பைப் பிடித்துக்கொண்டான். 14 வயதிலேயே, நான் இன்ஜினியர் ஆகப் போகிறேன் என்று வீட்டுக்குக் கடிதம் எழுதிவிட்டான். வகுப்பில் முதலிடம். சீக்கிரம் வேலைக்குப் போகட்டும் என்று பெற்றோர் நினைத்தபோது, 1875-ல் மியூனிக் ராயல் பவேரியன் பாலிடெக்னிக்கில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. (இன்று அது தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்.) அங்கே அவருக்குப் பாடம் எடுத்தவர் குளிர்பதன இயந்திரங்களுக்குப் புகழ்பெற்ற கார்ல் வான் லிண்டே.

நீராவி இன்ஜின் தன் எரிபொருளில் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தியைத்தான் வேலையாக மாற்றுகிறது, மீதியெல்லாம் வீண் என்று ஒரு நாள் லிண்டே விளக்கினார். எல்லா மாணவர்களும்தான் கேட்டார்கள். டீசல் மனதில் மட்டும் அது முள்ளாகத் தைத்தது. மிச்சத்தை மீட்க வழியே இல்லையா என்ற அந்த ஒரு கேள்விதான் பிறகு அவர் வாழ்க்கையானது. 1879-ல் டைபாய்டு வந்து பரீட்சை எழுத முடியாமல் போனது. சோர்ந்துவிடவில்லை. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் சுல்சர் ஒர்க்‌ஷாப்பில் கையில் கிரீஸோடு வேலை பழகினார். 1880 ஜனவரியில் தேர்வு எழுதி முதன்மையாகத் தேறினார்.

ஆக்ஸ்பர்க் சோதனை

பத்து வருடத்துக்கு மேல் லிண்டேயின் கம்பெனி வேலையைப் பார்த்துக்கொண்டே தன் கேள்வியை விடாமல் துரத்தினார். கடைசியில் கிடைத்த யோசனை இதுதான்: சிலிண்டருக்குள் காற்றை மட்டும் பலமாக அமுக்க வேண்டும். அமுங்கிய காற்று கொதியாய்க் கொதிக்கும். அந்த நேரம் எரிபொருளை உள்ளே செலுத்தினால் தானாகப் பற்றிக்கொள்ளும். ஸ்பார்க் பிளக்கே தேவையில்லை! 1892-ல் பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்தார், 1893-ல் கிடைத்தது. ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் குரூப் நிறுவனமும் ஆதரவுக்கு வந்தன.

1893 ஆகஸ்ட் 10. முதல் சோதனை. தொழிற்சாலையின் பெல்ட்டால் இன்ஜினைச் சுற்றவிட்டு, உள்ளே பெட்ரோலைச் செலுத்தினார்கள். பற்றிக்கொண்டது! ஆனால் அழுத்தம் ஒரேயடியாக 80 அட்மாஸ்பியர் வரை எகிறியது. மேலே பொருத்தியிருந்த அழுத்தம் அளக்கும் இண்டிகேட்டர் வெடித்துச் சிதறியது. பக்கத்தில் நின்றவர்கள் தப்பியதே பெரிய விஷயம். யோசனை சரி என்று நிரூபித்த அதே நொடி, அழுத்தத்துக்கு இரக்கமே கிடையாது என்பதையும் நிரூபித்துவிட்டது.

அதன் பிறகுதான் உண்மையான போராட்டம். யோசனை பேட்டன்ட்டில் இருக்கிறது. ஆனால் எரிபொருளை உள்ளே அனுப்புவது எப்படி? ஒவ்வொரு சுற்றிலும் சில துளிகள், சரியான நொடியில், பனி மாதிரித் தூளாகி, எதிர்த்து நிற்கும் அழுத்தத்தை முட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். அன்றைய பம்புகளுக்கு அந்தத் துல்லியம் கிடையாது. டீசல் கண்ட வழி, தனியாக ஒரு கம்ப்ரஸர் வைத்து, சிலிண்டரைவிட அதிக அழுத்தமுள்ள காற்றால் எரிபொருளை ஊதி உள்ளே தள்ளுவது. 1894 பிப்ரவரி 17 அன்று இன்ஜின் முதல்முறையாகத் தன் சொந்த சக்தியில் ஒரு நிமிடம் ஓடியது. கூட இருந்த ஃபிட்டர் பேச்சே வராமல் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தாராம்.

ஒரு நிமிடம் ஓடிய இன்ஜின் நம்பகமான இன்ஜினாக இன்னும் மூன்று வருடம் பிடித்தது. 1897 பிப்ரவரியில் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் முறையாகச் சோதித்தார். நிமிடத்துக்கு 154 சுற்று, சுமார் 18 குதிரைசக்தி, செயல்திறன் 26.2 சதவீதம். வகுப்பறையில் எழுந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது!

புகழும் முடிவும்

பணமும் புகழும் குவிந்தன. 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. 1912-ல் டென்மார்க்கின் செலாண்டியா கப்பல் டீசல் சக்தியில் கடல் கடந்தது. ஆனால் பேட்டன்ட் தகராறுகள், உடல்நலக் குறைவு, தவறான முதலீடுகள் என்று ஒன்றன் பின் ஒன்றாக அவரை அரித்தன. 1913 செப்டம்பர் 29 அன்று ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்கு டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். இரவுச் சாப்பாடு முடித்துத் தன் அறைக்குப் போனவரை மறுநாள் காணோம். சில நாள் கழித்துக் கடலில் கண்டெடுத்த உடலில் இருந்த பொருட்களை மகன் அடையாளம் காட்டினார். தற்கொலையா, விபத்தா, வேறு ஏதாவதா? இன்றுவரை முடிவு தெரியாத கேள்வி. அவருக்கு வயது 55.

தன் இன்ஜின் ஓடும் கார் ஒன்று கடைக்கு விற்பனைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. கம்ப்ரஸரின் பாரம் காருக்கு ஒத்துவராது. 1927-ல் ராபர்ட் பாஷ் நிறுவனம் துல்லியமான இன்ஜெக்‌ஷன் பம்பைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த பிறகே வழி திறந்தது. 1936-ல் மெர்சிடஸ் பென்ஸ் 260 டி வந்தது. 1967-ல் எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் ஃபோக்ஸ்வேகன் பெட்ரோல் காரில் ஏறியது. 1997-ல் காமன் ரெயில் டீசல் கார் வந்தபோது ரெயில் அழுத்தம் 1350 பார். டீசலின் இண்டிகேட்டரைச் சிதறடித்ததோ வெறும் 80!

நம் கைக்கு வரும்போது

நண்பர்களே, இந்தக் கணக்கைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இன்ஜெக்டர்தானே, ரெண்டு போல்ட்தானே என்று வீட்டு வாசலில் ஸ்பேனர் எடுக்கும் நம்ம ஆட்கள் நிறைய. செய்யலாம், தப்பில்லை. முறையோடு செய்யணும்.

சாதாரண பெட்ரோல் காரில், அதாவது இன்ஜெக்டர் மேனிஃபோல்டில் இருக்கும் வகையில், வீட்டிலேயே மாற்ற முடியும். காற்றோட்டமான இடம், நன்றாக ஆறிய இன்ஜின், கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான். பீடி, சிகரெட், அடுப்பு பக்கத்திலேயே கூடாது. முதலில் ஃப்யூவல் பம்ப் ஃபியூஸை உருவிவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்து, தானாக அணையும்வரை விட வேண்டும். லைனில் உள்ள அழுத்தம் இறங்கும். அதற்காக ஓடின இன்ஜின் மறுபடி ஆறினதும் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்ற வேண்டும். அப்போதும் கொஞ்சம் பெட்ரோல் மிச்சம் இருக்கும், அதனால் இணைப்பைச் சுற்றித் துணி போட்டு மெதுவாகத் தளர்த்தணும். இன்ஜெக்டரைச் சுற்றியுள்ள மண்ணை ஊதிச் சுத்தம் செய்த பிறகே ரெயிலைத் தூக்க வேண்டும். பழைய ஓ-ரிங்கைத் திரும்பப் போடக் கூடாது. புது ஓ-ரிங்கில் ஒரு சொட்டு சுத்தமான இன்ஜின் ஆயில் தடவினால் கிழியாமல் உட்காரும். போல்ட்டுக்கு மேனுவல் சொல்லும் டார்க் தவிர வேறு கணக்கு கிடையாது. முடித்ததும் உடனே ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். ஃபியூஸையும் பேட்டரியையும் மாட்டி, சாவியை ஆன் நிலையில் மட்டும் இரண்டு மூன்று முறை வைத்து, ஒரு சொட்டுக் கசிவாவது இருக்கிறதா, வாசனை வருகிறதா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட். பெட்ரோலில் நனைந்த துணியை மூலையில் சுருட்டிப் போடக் கூடாது.

காமன் ரெயில் டீசல் வேறு ஜாதி. சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோல் அடிக்கும் நேரடி இன்ஜெக்‌ஷன் கார்களும் அந்தப் பக்கம்தான். பழைய டீசல் வண்டியில் எந்த சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று பார்க்க, ஓடும்போதே நாசில் பைப் நட்டைத் தளர்த்தும் வழக்கம் நம்ம மெக்கானிக்குகளிடம் உண்டு. காமன் ரெயிலில் அந்த வேலையே வேண்டாம்! கசிவைக் கையால் தடவிப் பார்ப்பதும் கூடாது, ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் ஊசி குத்தின மாதிரி சின்னப் புள்ளி. வலிகூட அதிகம் இருக்காது. ஆனால் உள்ளே போன டீசல் சதையை அழித்துக்கொண்டே போகும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். நாளைக்குப் பார்ப்போம் என்று இல்லாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன நடந்தது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அதோடு, பல வண்டிகளில் புது இன்ஜெக்டரின் எண்ணை ஸ்கேனர் மூலம் கன்ட்ரோல் யூனிட்டில் பதிந்தால்தான் இன்ஜின் ஒழுங்காக ஓடும். ஸ்கேனரும் மேனுவலும் இல்லையென்றால் விஷயம் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் விடுவதில் எந்த அவமானமும் இல்லை.

முதல் நாளே வெடித்தது என்று டீசல் ஓடிவிடவில்லை. வெடித்தால் என்ன என்று அலட்சியமாகவும் இருக்கவில்லை. என்ன நடந்தது என்று பார்த்தார், திருத்தினார், மறுபடி செய்தார். தைரியமும் நிதானமும் சேர்ந்ததுதான் இன்ஜினியர். நாளை டிப்ளமோவோடு வெளியே போகும் நாம், சான்றிதழோடு பத்து விரலையும் பத்திரமாகக் கொண்டுபோவோம். அவர் பெயரைச் சொல்லி இயங்கும் ஒவ்வொரு இன்ஜினுக்கும் நாம் காட்டும் மரியாதை அதுவே!