தாதியர் திலகம் புளோரன்ஸ் நைற்றிங்கேல்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நாமெல்லோரும் அறிந்த பழமொழி. ஆயின், நோய் என்பது யாது, சுகம் என்பது யாது, நோயாளியைப் பராமரித்தல் என்பது யாது என்று ஆராய்வோர் மிகச் சிலரே. வைத்தியர் தரும் மருந்தை வேளைக்கு ஊட்டுவதே தாதியின் தொழில் என்று உலகம் எண்ணியிருந்த காலத்தில், இவ்வினாக்களுக்கு விடை தேடித் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார். அவரை விளக்கேந்திய மாது என்று மட்டும் அறிந்திருக்கும் நம் இளைஞர், அவருடைய சிந்தனையையும் அறிதல் நன்று.

அம்மையார் 1820-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆந் திகதி இத்தாலியிலுள்ள புளோரன்ஸ் நகரிற் பிறந்தார். அந்நகரின் பெயரே அவருக்கு இடப்பட்டது. பெற்றோர் ஆங்கில நாட்டுச் செல்வர். தந்தையாரே ஆசிரியராக இருந்து மொழிகளும் சரித்திரமும் தத்துவமும் கற்பித்தார். கணிதத்தில் மகளுக்குப் பெருவிருப்பம் உண்டாயிற்று. பதினாறாவது வயதில், இறைவன் தம்மைத் தொண்டுக்கு அழைப்பதாக அவர் உணர்ந்தார். அத்தொண்டு நோயாளரைப் பராமரிப்பதே என்று அவர் தெளிந்தபோது வீட்டார் திடுக்கிட்டனர். அந்நாளில் வைத்தியசாலை ஏழைகளின் கடைசிப் புகலிடம். தாதித்தொழிலோ இழிவாகக் கருதப்பட்டது. அம்மையார் விவாகத்தையும் மறுத்துப் பல ஆண்டுகள் காத்திருந்து, 1851-ஆம் ஆண்டில் ஜேர்மனியிலுள்ள கைசர்ஸ்வெர்த் என்னும் இடத்திற் பயிற்சி பெற்றார்.

1854-ஆம் ஆண்டில் கிரிமியா யுத்தம் மூண்டிருந்தது. அரசாங்கத்தின் வேண்டுகோளை ஏற்று அம்மையார் 38 தாதியருடன் நவம்பர் மாதத்தில் துருக்கியின் ஸ்குற்றாரி இராணுவ வைத்தியசாலையை அடைந்தார். அங்கே படுக்கைகளும் துணிகளும் போதவில்லை. எங்கும் அழுக்கும் துர்நாற்றமும் நிறைந்திருந்தன. அம்மையார் சமையலைச் சீர்செய்தார். துணி வெளுக்க ஒழுங்கு செய்தார். இரவில் விளக்குடன் நோயாளரைச் சுற்றிப் பார்த்தார். என்றாலும் மரணம் குறையவில்லை. 1855 பெப்ரவரியில் நோயாளருள் நூற்றுக்கு 42 பேர் வரை மாண்டனர். மார்ச்சில் இங்கிலாந்திலிருந்து வந்த சுகாதாரக் குழுவினர் கட்டிடத்தின் அடியில் அடைபட்டுக் கிடந்த கழிவுக் கால்வாய்களைக் கழுவினர். குடிநீர் வழியைத் துப்புரவாக்கினர். காற்றோட்டத்துக்கு வழி செய்தனர். யூன் மாதத்தில் அத்தொகை நூற்றுக்கு ஏறக்குறைய 2 ஆகக் குறைந்தது.

1856-இல் நாடு திரும்பிய அம்மையாரை மக்கள் தெய்வமாகப் போற்றினர். அவரோ புகழை நாடாது கணக்கேடுகளை எடுத்துக்கொண்டு அமர்ந்தார். புள்ளிவிபர வல்லுநர் வில்லியம் பார் என்பவரின் துணையுடன் மரணங்களை ஆராய்ந்தார். போர்க்காயத்தால் இறந்தோரினும் தடுக்கக்கூடிய நோய்களால் இறந்தோர் பன்மடங்கினர் என்பது தெளிவாயிற்று. தாம் இரவு பகலாக உழைத்த அவ்வைத்தியசாலையே பலரைக் கொன்றது என்ற உண்மையும் அவர் முன் நின்றது. அன்பும் உழைப்பும் இருந்தும் தூய காற்றும் நீரும் இல்லாமையால் உயிர்கள் போயின. அவ்வுண்மையை மறைப்பது அவருக்கு எளிது, ஊரெல்லாம் புகழ்ந்துகொண்டிருந்தது. அவர் மறைக்கவில்லை. வர்ணப் படங்களாக வரைந்து ஆட்சியாளர் முன் வைத்தார்.

அந்த அனுபவத்தின் கனியே 1859-இல் வெளிவந்த தாதியியற் குறிப்புகள் என்னும் நூல். நோய் என்பது உடல் தன்னைத் தானே சீர்செய்ய முயலும் முயற்சி என்பது அவர் கொள்கை. குணப்படுத்துவது இயற்கை, அதற்குத் தடையில்லாத நிலையில் நோயாளியை வைப்பதே தாதியின் கடமை. தூய காற்று, வெளிச்சம், சுத்தம், அமைதி, ஏற்ற உணவு ஆகியன அதற்கு வேண்டும். நோயின் இயல்பென்று நாம் நினைக்கும் துன்பங்களிற் பல, இவை இல்லாமையால் விளைவன என்று அவர் காட்டினார். கிருமிகளே தொற்றுநோய்க்குக் காரணம் என்ற கொள்கையை அவர் நெடுங்காலம் ஏற்கவில்லை; அது அவரிடமிருந்த குறை. ஆயினும் அவர் வற்புறுத்திய சுத்தம் கிருமிகளையும் விரட்டியது.

1860-இல் லண்டன் சென்ற் தோமஸ் வைத்தியசாலையில் அவர் பெயரால் தாதியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கிற்று. அதன்பின் தாதித்தொழில் கற்றுத் தேறவேண்டிய கலையாயிற்று.

சுகம் என்பது நோயின்மை மட்டுமன்று, நமக்குள்ள ஆற்றல்கள் யாவற்றையும் நன்கு பயன்படுத்தும் வல்லமையே சுகம் என்று 1893-இல் அவர் விளக்கினார். இதை எழுதியவர் திடகாத்திரமானவரல்லர். கிரிமியாவிற் கண்ட காய்ச்சலுக்குப் பின் உடல் நலிந்து, பல்லாண்டுகள் அறையை விட்டு வெளிவராதிருந்தவர். படுக்கையிலிருந்தபடியே அறிக்கைகளும் கடிதங்களும் எழுதி, தாம் ஒருநாளும் காணாத இந்தியாவின் சுகாதாரத்துக்கும் வாதாடினார். 1910-ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13-ஆந் திகதி, தமது தொண்ணூறாவது வயதில் உயிர் நீத்தார். அவர் பிறந்த தினமே சர்வதேச தாதியர் தினமாகக் கொண்டாடப்படுகின்றது.

அன்பர்களே, நோயாளியைப் பார்க்கச் செல்லும் நாம் படுக்கையைச் சூழ்ந்து நின்று, ஆளுக்கொரு வைத்தியமும் வீண் ஆறுதலும் கூறுவதை வழக்கமாகக் கொண்டுள்ளோம். இவ்வழக்கத்தை அம்மையார் தம் நூலிற் கண்டித்துள்ளார். அடைத்த யன்னலைத் திறந்துவிடுவோம், குரலைத் தாழ்த்துவோம், நம் கிணற்றையும் வாய்க்காலையும் துப்புரவாக வைத்திருப்போம். தொண்டு செய்யும் இளைஞர் இன்னுமொன்றை அவரிடம் கற்கவேண்டும். நல்லெண்ணத்தோடு செய்த தொண்டு நற்பயன் தந்ததா என்று கணக்குப் பார்க்கும் துணிவே அது.