செவியால் நோய் கண்ட செம்மல்

மருத்துவர் என்றதும் அவர்தம் கழுத்தில் தொங்கும் ஸ்டெதாஸ்கோப் என்னும் குழல் நம் நினைவிற்கு வரும். நம் நாட்டுப் பண்டை மருத்துவர் கைந்நாடி பற்றி நோய் தேர்ந்தனர். மார்பினுள் எழும் ஒலிகளைக் குழல்வழிக் கேட்டு நோய் தேரும் முறையை வகுத்தவர் பிரான்சு நாட்டு மருத்துவராகிய ரெனே லென்னெக் என்பவர் ஆவர். அவர் முதன்முதலிற் கையாண்ட கருவி பொன்னாலோ வெள்ளியாலோ ஆயதன்று. சுருட்டிய காகிதமே அஃது.

லென்னெக் 1781ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17ஆம் நாள், பிரான்சின் மேற்குக் கோடியிலுள்ள பிரிட்டனிப் பகுதியில், கெம்பேர் என்னும் நகரில் பிறந்தார். ஐந்து வயதிலேயே அன்னையை இழந்தார். தந்தையாரால் மக்களைப் பேண இயலவில்லை. ஆகவே, நான்த் நகரில் மருத்துவராய் விளங்கிய சிற்றப்பர் கியோம் என்பவர் சிறுவனைத் தம் இல்லத்தில் வைத்து வளர்த்தார். அவர் நோயாளரிடம் காட்டிய பரிவு சிறுவன் உள்ளத்திற் பதிந்தது. பதினான்காம் வயதில் லென்னெக் மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். மெலிந்த உடலும் தளராத ஊக்கமும் உடைய அவர், ஓய்ந்த வேளைகளிற் புல்லாங்குழல் இசைத்து மகிழ்வார்.

1801ஆம் ஆண்டில் லென்னெக் பாரிசு மாநகர் சென்று, நெப்போலியனின் மருத்துவராகிய கார்விசார் என்பவரிடம் பயின்றார். மார்பை விரலால் தட்டி, எழும் ஓசையால் உள்நிலை அறியும் முறையை அவ்வாசிரியர் போற்றிக் கற்பித்தார். குடம் வாங்குவோர் அதனைத் தட்டிப் பார்த்துத் தேர்வது போன்றது அம்முறை. வியன்னாவில் மருத்துவராயிருந்த ஆவன்புருக்கர் என்பவர் அதனை 1761ஆம் ஆண்டிலேயே கண்டறிந்து வெளியிட்டிருந்தார்.

1816ஆம் ஆண்டில் லென்னெக் பாரிசிலுள்ள நெக்கர் மருத்துவமனையிற் பணி ஏற்றார். அவ்வாண்டில் நெஞ்சக நோயால் வருந்திய இளம்பெண் ஒருத்தி அவரிடம் வந்தாள். அவளது உடல் பருத்திருந்தமையால் தட்டிப் பார்த்தல் பயன்படவில்லை. மார்பின்மேல் செவியை வைத்துக் கேட்டல் அவள் இளமைக்கும் நாணத்திற்கும் ஒவ்வாது. ஆயினும் நோயறியாது மருந்தளிப்பது எங்ஙனம்? அவ்வேளையில் ஓர் உண்மை அவர் நினைவிற்கு வந்தது. நீண்ட மரக்கட்டையின் ஒரு முனையை ஊசியாற் கீறினால், மறுமுனையிற் செவி வைத்தோர்க்கு அவ்வொலி தெளிவாகக் கேட்கும். உடனே அவர் தாள்களைக் குழல்போல் இறுகச் சுருட்டினார். ஒரு முனையை அவள் மார்பிலும், மற்றொன்றைத் தம் செவியிலும் பொருத்தினார். செவியை நேரே வைத்துக் கேட்டதினும் தெளிவாக இதயத் துடிப்பு ஒலித்தது. நோயாளியின் மானமும் காக்கப்பெற்றது. மருத்துவரின் கடமையும் நிறைவேறியது.

பின்னர் லென்னெக் பல பொருள்களைக் கொண்டு குழல்களைச் செய்து ஆராய்ந்து, மரமே தக்கதெனத் துணிந்தார். கடைசல் இயந்திரத்தில் தம் கையாலேயே ஏறத்தாழ ஓர் அடி நீளமுள்ள குழலைக் கடைந்தெடுத்தார். கருவி அமைந்தபின், அது கூறும் மொழியை அறிதல் வேண்டுமன்றோ? நாள்தோறும் நோயாளரின் மார்பொலிகளைக் கேட்டுக் குறித்து வைத்தார். அவருள் இறந்தோரின் உடலை ஆய்ந்து, எவ்வொலி எந்நோயின் அடையாளம் என்பதைச் சரிபார்த்தார். சூடேறிய சட்டியில் உப்பு பொரிவது போன்ற ஒலி நுரையீரலில் எழுவதுண்டென்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. இம்முயற்சியின் பயனாக 1819ஆம் ஆண்டில் இரு தொகுதிகளாக அவரது பெருநூல் வெளிவந்தது.

ஓயாத உழைப்பால் அவர் உடல் நலிந்தது. காசநோயும் அவரைப் பற்றியது. நூலின் இரண்டாம் பதிப்பை 1826ஆம் ஆண்டில் வெளியிட்டபின் பிரிட்டனிக்குத் திரும்பினார். அவர் உறவினரும் மருத்துவருமாகிய மெரியாடெக் என்பவர் அவர் மார்பின் ஒலியை அக்குழலாலேயே கேட்டார். பிறர்க்கெனச் செய்த கருவி, செய்தவரின் நோயையே உரைத்தது! நோய் இன்னதென அறிந்தும், அதனைத் தீர்க்கும் மருந்து அன்று உலகில் இல்லை. அவ்வாண்டு ஆகஸ்டு 13ஆம் நாள், நாற்பத்தைந்தாம் வயதில் லென்னெக் இயற்கை எய்தினார்.

அவர் தொடங்கிய பணியோ ஓயவில்லை. 1850ஆம் ஆண்டை ஒட்டி இரு செவிகளாலும் கேட்கும் குழல் தோன்றியது. 1882ஆம் ஆண்டில் காசநோய்க் கிருமியை இராபர்ட் காக் கண்டறிந்து அறிவித்தார். பின்னர் நோய் தீர்க்கும் மருந்துகளும் பிறந்தன. நோயாளர் தம் வீட்டிலிருந்தவாறே மருந்துண்டு நலம் பெறலாம் என்பதை, 1956ஆம் ஆண்டிற் சென்னையில் நிறுவப்பெற்ற காசநோய் ஆய்வு நிலையம் 1959ஆம் ஆண்டில் உலகிற்கு மெய்ப்பித்துக் காட்டியது.

மாணவர்களே! லென்னெக் கண்ட வியப்பை நீங்களும் காணலாம். தடித்த காகிதத்தை ஒரு சாண் நீளக் குழலாகச் சுருட்டி, நூலாற் கட்டுங்கள். ஒரு முனையைத் தோழன் மார்பின் இடப்பக்கத்தில் அழுத்தி, மறுமுனையிற் செவி வையுங்கள். ஒரு முழ ரப்பர்க் குழாயின் ஒரு முனையில் அடுக்களைப் புனலைச் செருகி, அதன் அகன்ற வாயில் பலூன் தோலை இழுத்துக் கட்டியும் கேட்கலாம். ஒலி சிதறாமல் குழல்வழியே வருதலால் துடிப்பு நன்கு புலனாகும். அனல்மின் நிலையமும் ஆலைகளும் சூழ்ந்த அத்திப்பட்டு முதலிய ஊர்களில் வாழ்வோர் இரைச்சல் குறைந்த அறையைத் தேர்ந்து கேட்டல் நன்று. துடிப்பைக் கேட்க இக்குழல் போதும். நோயைத் துணிதற்குப் பயின்ற மருத்துவரே வேண்டும்.

காகிதம் எங்கும் கிடைக்கும். அதனைச் சுருட்டவும் எவர்க்கும் இயலும். பிறர் துன்பத்தைப் பொறுமையுடன் கேட்டறிய விழைந்த உள்ளமே லென்னெக்கிடம் இருந்த அரும்பொருள். அவ்வுள்ளத்தை நாமும் பெற முயல்வோமாக.