கல்லிலும் செம்பிலும் கருத்தைக் கண்டவர்

ஒரு நாட்டின் கலையை அந்நாட்டாரின் கண்கொண்டு காண வேண்டும். எளிதாகத் தோன்றும் இவ்வுண்மை நூறாண்டுகளுக்கு முன்பு எளிதில் ஏற்கப்படவில்லை. கிரேக்கச் சிற்பத்தையே அளவுகோலாகக் கொண்டு ஐரோப்பிய அறிஞர் பலர் பிற நாட்டுச் சிற்பங்களை அளந்தனர். பல கைகளையுடைய தெய்வ உருவங்களை, உடலமைப்பை அறியாதார் செய்த பிழைகள் என எண்ணினர். அந்த அளவுகோலையே கேள்விக்கு உட்படுத்தியவர் ஆனந்த குமாரசுவாமி.

பிறப்பும் கல்வியும்

ஆனந்த குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தையார் சர் முத்துக்குமாரசுவாமி, இலங்கைத் தமிழர், சட்டம் பயின்றவர், அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் நாடகமாகத் தந்தவர். தாயார் எலிசபெத் பீபி, ஆங்கிலேயப் பெண்மணி. பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் இவருடைய அத்தை மைந்தர்கள். இரண்டு வயது நிறையும் முன்பே தந்தையாரை இழந்த இவர், இங்கிலாந்தில் தாயாரின் அரவணைப்பில் வளர்ந்தார். இலண்டனில் நிலவியலும் தாவரவியலும் பயின்று, பின்னர் அறிவியல் முனைவர் பட்டமும் பெற்றார்.

கனிமத்திலிருந்து கலைக்கு

1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிம அளவாய்வுப் பணிக்குத் தலைமை தாங்கினார். தோரியம் மிகுந்த தோரியனைட்டு என்னும் கனிமம் இவருடைய ஆய்வால் வெளிப்பட்டது. கனிமங்களைத் தேடி ஊர் ஊராகச் சென்றவரின் கண்களில் வேறொரு செல்வமும் பட்டது. மரம் செதுக்குவோர், உலோகம் வார்ப்போர், நெசவாளர், குயவர் ஆகியோரின் கைத்திறமே அது. ஆலைப் பொருள்களின் வரவால் அத்திறம் நாளுக்கு நாள் நலிந்துவந்தது. ஒரு கைவினை மறையும்போது ஒரு பொருள் மட்டும் மறைவதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கைமாறிவந்த அறிவும், உழைப்பில் மனிதன் கண்ட மகிழ்ச்சியும் சேர்ந்தே மறைகின்றன என்பதை அவர் உணர்ந்தார்.

அவ்வுணர்வின் விளைவே 1908இல் வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூல். வில்லியம் மோரிஸ் பயன்படுத்திய கை அச்சுப்பொறியிலேயே அந்நூல் அச்சிடப்பட்டது. 425 படிகளை அச்சிட ஓராண்டுக்கும் மேலாயிற்று. கைத்தொழிலின் பெருமையைச் சொல்லும் நூல் கைத்தொழிலாகவே பிறந்தது.

மறுப்பும் மறுமொழியும்

1910இல் இலண்டனில் நிகழ்ந்த ஒரு கூட்டத்தில், ஜார்ஜ் பேர்ட்வுட் என்னும் ஆங்கிலேயர் சாவகத்துப் புத்தர் சிலை ஒன்றை வேகவைத்த கொழுப்புப் பண்டத்துக்கு ஒப்பிட்டார். கலை அறிஞர் பலர் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டிலேயே இந்தியக் கலையை எடுத்துரைக்க இலண்டனில் இந்தியக் கழகம் தோன்றியது. அதை நிறுவியோருள் ஹாவெல், குமாரசுவாமி ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள்.

புத்தருக்கு முதலில் உருவம் கொடுத்தோர் கிரேக்கக் கலையின் வழிவந்த காந்தாரச் சிற்பிகளே என்பது பிரெஞ்சு அறிஞர் ஃபூஷேயின் முடிவு. குமாரசுவாமி 1927இல் இதனை மறுத்தார். மதுராவின் புத்தர் உருவங்களை, அவற்றுக்கு முற்பட்ட இயக்கர் சிலைகளோடு ஒப்பிட்டார். நேராக நிற்கும் நிலை, அகன்ற தோள், இடுப்பில் ஊன்றிய கை ஆகியன இரண்டிற்கும் பொதுவாக இருத்தலைக் காட்டி, இம்மண்ணின் மரபிலிருந்தே புத்தர் உருவம் கிளைத்தது என நிறுவ முற்பட்டார். வெறும் பற்றினால் அன்றிச் சான்றுகளால் வாதிட்டமையே அவருடைய சிறப்பு.

ஆடவல்லானின் பொருள்

1918இல் வெளிவந்த சிவ நடனம் என்னும் கட்டுரைத் தொகுப்பு அவர் புகழை உலகெங்கும் பரப்பியது. தமிழகத்துச் செப்புத்திருமேனியின் பொருளை விளக்க அவர் துணைகொண்டவை திருமந்திரம், உண்மை விளக்கம் முதலிய தமிழ் நூல்களே. உடுக்கை படைத்தலையும், தீ அழித்தலையும், அமர்ந்த கை காத்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் உணர்த்துவதை அவர் விளக்கினார். நான்கு கைகள் பிழையல்ல, கருத்தின் தேவை என்பது மேலை நாட்டார்க்குத் தெளிவாயிற்று.

கடல் கடந்த கருவூலம்

வட இந்தியாவில் பயணம் செய்து இராசபுத்திர ஓவியங்களையும் சிற்பங்களையும் அவர் திரட்டியிருந்தார். அவற்றைக்கொண்டு காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் அமைய வேண்டும் என விரும்பினார், பொருளுதவி கிட்டவில்லை. 1917இல் அத்தொகுப்பு அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. தொகுத்தவரும் அங்கேயே இந்தியக் கலைப்பிரிவின் காப்பாளராகி, முப்பது ஆண்டுகள் பணியாற்றினார். நாம் போற்றத் தவறியதைப் பிறர் போற்றிக் காத்தனர்.

பிற்காலத்தில் அவருடைய பார்வை மேலும் விரிந்தது. இந்தியச் சிற்ப நூல்களையும், இடைக்கால ஐரோப்பியக் கிறித்தவச் சிந்தனையையும், சீனக் கலைக் கொள்கையையும் அருகருகே வைத்து ஆராய்ந்தார். கண்ணாற் கண்டதைப் படியெடுத்தல் அன்று, கருத்தில் கண்டதை உருவாக்குதலே அம்மரபுகள் அனைத்தின் பொதுநோக்கம் எனக் கண்டார். தம் நாட்டுக் கலையைக் காக்க எழுந்தவர், பிற நாட்டுக் கலைகளைத் தாழ்த்தவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் ஒற்றுமையைத் தேடினார்.

எழுபது வயது நிறைந்தபின் இந்தியா திரும்பி எஞ்சிய நாள்களைக் கழிக்க விரும்பினார். அவ்விருப்பம் நிறைவேறவில்லை. இந்தியா விடுதலை பெற்ற சில வாரங்களில், 1947 செப்டம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவில் மறைந்தார். நம் ஊர்க் கோயில் தூணிலுள்ள ஒரு சிற்பத்தின் முன் நின்று, இதன் பொருள் யாது என நாம் வினவும்போதெல்லாம், அவர் தொடங்கிய பணி தொடர்கிறது.