மணல் தூவிப் புல் வளர்த்த டாம் மோரிஸ்

நமக்குப் புல் என்றால் களை. வயலில் கண்டால் பிடுங்கி வரப்பில் போடுவோம். அந்தப் புல்லையே பயிராக நினைத்து 50 ஆண்டுகளுக்கு மேல் பார்த்துக்கொண்டவர் ஸ்காட்லாந்து நாட்டின் டாம் மோரிஸ்.

1821-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற கடற்கரை ஊரில் நெசவாளி வீட்டில் பிறந்தார். இளம் வயதில் கோல்ஃப் பந்து செய்யும் தொழில் பழகினார். 1851-ல் பிரெஸ்ட்விக் ஊர் கோல்ஃப் மைதானத்தைப் பராமரிக்கும் வேலைக்குப் போனார். ஆட்டத்திலும் கெட்டிக்காரர், ஓபன் போட்டியில் நான்கு முறை வென்றார். ஆனாலும் அவர் பேர் நிலைத்தது மண் வேலையில்தான்.

பந்து விழும் குழியைச் சுற்றியுள்ள புல்தரைக்கு கிரீன் என்று பெயர். ஆடுபவர்கள் எல்லோரும் அங்கேதான் வந்து நிற்பார்கள். மிதிபட்டு மண் இறுகும், புல் சொட்டை விழும். விதை தூவினாலும் இளம்பயிர் தாங்காது.

ஒருநாள் அவருடைய தள்ளுவண்டி சாய்ந்து கிரீன் மேல் மணல் கொட்டிவிட்டதாகவும், சில நாளில் அந்த இடத்துப் புல் மட்டும் செழித்து நின்றதாகவும் சொல்வார்கள். அதன்பின் மணல் தூவுவதையே வழக்கமாக்கிக்கொண்டார். மணல் பள்ளத்தை நிரப்பும். தண்ணீர் தேங்காமல் வடியும். புல்லின் அடித்தண்டு மண்ணில் பதிந்து புது வேர் விடும். ஆனால் மெல்லிசாகத் தூவ வேண்டும். கனமாகக் கொட்டினால் இளம்புல் மூச்சு முட்டிச் செத்துவிடும்.

1865 முதல் சொந்த ஊர் மைதானம் அவர் பொறுப்பில் வந்தது. சம்பளம் ஆண்டுக்கு 50 பவுண்ட். ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரையும் ஆட விடவில்லை. மனிதனுக்கு ஓய்வு வேண்டாம் என்றாலும் நிலத்துக்கு வேண்டும் என்பது அவர் கொள்கை. இன்றும் பெரும்பாலான ஞாயிறுகளில் அங்கே ஆட்டம் இல்லை.

1875-ல் மருமகளும் பேரக்குழந்தையும் பிரசவத்தில் இறந்தார்கள். சில மாதத்தில், கிறிஸ்துமஸ் அன்று, மகன் டாமியும் போய்விட்டான். வயது 24, அப்பாவைப் போலவே நான்கு முறை ஓபன் வென்றவன். அந்தத் துயரத்துக்குப் பிறகும் மோரிஸ் மைதானத்தை விட்டுவிடவில்லை. 1903 வரை வேலை பார்த்து, 1908-ல் மறைந்தார்.

புல்தரைக்கோ மேய்ச்சலுக்கோ விதை தூவியிருக்கும் விவசாயிகள் அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. சலித்த மணலை மெல்லிசாக, ஒரே தடவையில் கொட்டாமல் பல தடவையாகத் தூவுங்கள். வேர் பிடிக்கும் வரை ஆளோ மாடோ மிதிக்க விடாதீர்கள். புல்லைக் கையால் பிடித்து இழுத்துப் பாருங்கள். வேரோடு வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். இலை மட்டும் அறுந்து வந்தால் மாட்டை விடலாம்.