நகரங்களுக்கு வைத்தியம் பார்த்த கெடிஸ்

ஸ்காட்லாந்தில் 1854-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் பிறந்தவர் பாட்ரிக் கெடிஸ். உயிரியல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ சென்ற அவருக்கு 1879-இல் கண்பார்வை சில காலம் மறைந்தது. பார்வை மீண்ட பின்னும் நுண்பெருக்கியில் நெடுநேரம் உற்று நோக்க இயலவில்லை. செடிகொடிகளை ஆராய்ந்தவரின் கவனம் மெல்ல மனிதர் வாழும் ஊர்களின்பால் திரும்பிற்று.

திருமணத்திற்குப் பின் அவரும் மனைவி அன்னாவும் எடின்பரோவில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பழைய பகுதியிலேயே குடியேறினர். அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து சுவர்களுக்கு வெள்ளையடித்தனர். பிற்காலத்தில் அங்குள்ள பாழ்மனைகளைத் தோட்டங்களாக வடிவமைத்தவர் அவர்கள் மகள் நோரா என்பது மாணவியராகிய நமக்குப் பெருமையான செய்தி.

1914-இல் சென்னைக் கவர்னர் பெண்ட்லண்டு பிரபுவின் அழைப்பை ஏற்று இந்தியா வந்தார். வேறொரு கப்பலில் வந்த அவருடைய நகரக் கண்காட்சிப் படங்களோ கடலில் மூழ்கின. மூழ்கடித்தது, சென்னை மீது குண்டு வீசிய அதே எம்டன்! நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்பிய படங்களைக் கொண்டு 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சியை நடத்தியே காட்டினார்.

பின்னர் மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். நெரிசலைப் போக்க வீடுகளை இடித்து நேர்த்தெரு போடுவதே அக்கால வழக்கம். வீடிழந்த ஏழை எங்கே போவான்? அடுத்த சந்தில் இன்னும் நெருக்கிக்கொண்டு கிடப்பான். ஆகவே பாழடைந்த சில வீடுகளை மட்டும் நீக்கி, அவ்விடத்தைத் திறந்த வெளியாக்கி மரம் நட்டால் காற்றும் நிழலும் வரும், செலவும் குறையும் என்று வாதாடினார். கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதையும் எதிர்த்தார். மீனும் வாத்தும் விட்டால் கொசுப்புழுக்களைத் தின்றுவிடும். குளமோ ஊரைக் குளிர்விக்கும் என்பது அவர் கருத்து. ஊருணியின் அருமையைத் தேவிபட்டினத்தாருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை!

1917-இல் மகன் அலஸ்டேர் பிரான்சுப் போர்முனையில் மாண்டான். இந்தியாவில் காய்ச்சலாய்க் கிடந்த அன்னாவிடம் கெடிஸ் அதைச் சொல்லவில்லை. சில வாரங்களில் அவரும் மறைந்தார்.

அந்தத் துயரோடுதான் இந்தூருக்குத் திட்டம் தீட்டினார். பிளேக் நோய் வாட்டிய அந்நகரில், எந்தத் தெரு மிகச் சுத்தமோ அந்தத் தெரு வழியே தீபாவளி ஊர்வலம் செல்லும் என்று அறிவிக்கச் செய்தார். ஊரே விளக்குமாற்றை எடுத்தது! ஊர்வலத்தில் துப்புரவுத் தொழிலாளர் மாலையணிந்து நடந்தனர். கடைசி வண்டியிலிருந்து வீடுதோறும் வைக்கத் துளசிக் கன்றுகள் வழங்கப்பட்டன.

1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1925-இல் டெல் அவிவ் நகருக்குத் திட்டம் வகுத்தார். 1932 ஏப்ரல் 17 அன்று பிரான்சிலுள்ள மோன்பெலியே நகரில் காலமானார்.