வள்ளலாரின் இளமையும் எங்கள் பிள்ளைகளின் கேள்வியும்

யாங்கூனின் வடக்கே, லைங் ஆற்றை ஒட்டிய ஷ்வேப்யிதாவில் நாங்கள் குடியிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பர்மியப் பையனுக்கு ஷின்பியு சடங்கு நடந்தது. இளவரசன்போல் உடுத்தி ஊர்வலம் போய், தலை மழித்து, சீவரம் போர்த்தி அவனை மடத்தில் விட்டார்கள். அன்று மாலை நாங்கள் விளக்கேற்றும்போது எங்கள் மூத்தவன் ஒரு கேள்வி கேட்டான். படைத்த கடவுள் என்று ஒருவரைச் சொல்லாமலே அவர்கள் நல்லவர்களாக வாழ்கிறார்களே, நாம் மட்டும் ஏன் கும்பிட வேண்டும் என்றான். படிப்பில் கெட்டிக்காரன். நாங்கள் பதில் சொல்லவில்லை, அதட்டி அடக்கினோம். பிறகு நாட்டையே விட்டு வந்துவிட்டோம். கேள்வியும் கூடவே வந்தது.

இன்று புலம்பெயர்ந்த வீடுகள் பலவற்றில் இதே கேள்வி எழுகிறது. அதைக் கேட்டுக் கலங்கும் பெற்றோருக்காக, இராமலிங்க வள்ளலாரின் இளமையை நினைவூட்ட விரும்புகிறோம்.

அவர் சிதம்பரத்தை அடுத்த மருதூரில், 1823 அக்டோபர் 5ஆம் நாள், ராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தார். ஒரு வயது நிறையுமுன் தந்தை இறந்தார். குடும்பம் பின்னர் சென்னைக்கு வந்து ஏழுகிணறு பகுதியில் குடியேறியது. அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து வீட்டைக் காப்பாற்றினார். தம்பியும் முறையாகப் படிக்க வேண்டும் என்று, தம் ஆசிரியரான காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் அனுப்பினார்.

பையன் பாடத்தில் உட்காரவில்லை. கந்தகோட்டத்து முருகன் சந்நிதியில் நின்று, தானே கட்டிய பாடல்களைப் பாடிக்கொண்டிருந்தான். அதைக் கேட்ட ஆசிரியர், இவனுக்குக் கற்பிக்கத் தம்மிடம் ஏதுமில்லை என்று ஒதுங்கிக்கொண்டதாகச் சொல்வார்கள். அண்ணனுக்கோ கோபம். தம்பிக்குச் சோறு போடக்கூடாது என்று மனைவியிடம் கண்டித்துச் சொன்னார்.

அண்ணி பாப்பாத்தி அம்மாள் கணவர் இல்லாத நேரம் பார்த்து அந்தப் பிள்ளைக்குச் சோறு போட்டார். ஒருநாள் அவர் கண்கலங்கக் கண்ட சிறுவன், மாடியில் தனக்கொரு அறை தந்தால் வீட்டிலேயே இருந்து படிப்பதாகச் சொன்னான். அறை கிடைத்தது. உள்ளே விளக்கேற்றி, ஒரு கண்ணாடியை வைத்து அதையே நோக்கியிருந்தான். ஒன்பது வயதில் அந்தக் கண்ணாடியில் முருகனைக் கண்டான் என்பது அவர் வரலாற்றை எழுதியோர் தரும் செய்தி.

பின்னொரு நாள் அண்ணனுக்கு உடல்நலமில்லை. சோமு செட்டியார் வீட்டுச் சொற்பொழிவில் ஓரிரு பாடல் படித்துவிட்டு வா என்று தம்பியை அனுப்பினார். அவன் இரவு வெகுநேரம்வரை பேச, சபை அசையாமல் கேட்டது. தம்பி யார் என்று அண்ணனுக்கு அப்போதுதான் புரிந்தது.

அந்த நம்பிக்கை அதே இடத்தில் நின்றுவிடவில்லை. கந்தகோட்டத்து முருகனிலிருந்து திருவொற்றியூர்த் தியாகராசருக்கும், தில்லை நடராசருக்கும், கடைசியில் உருவமற்ற அருட்பெருஞ்சோதிக்கும் அவர் உள்ளம் நகர்ந்தது. சாதி எதற்கு, சமயப் பிரிவு எதற்கு, பொருளறியாத சடங்கு எதற்கு என்று கேட்டார். 1872 ஜனவரியில் வடலூரில் திறந்த சத்திய ஞானசபையில் சிலை வைக்கவில்லை. ஏழு திரைகளுக்குப் பின்னே ஒளியை மட்டும் வைத்தார்.

எதிர்ப்பும் வந்தது. முன்னணியில் நின்றவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. நாவலரும் வள்ளலாருக்குப் பத்து மாதம் மட்டுமே மூத்தவர், அவரும் சிறுவயதிலேயே ஒளிவிட்டவர். மிஷன் பள்ளியில் படித்து, விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தபின் சைவத்தைக் காக்கப் புறப்பட்டார். நம்மில் பலர் அவருடைய சைவ வினாவிடையை மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள். ஒரே காலத்தில் பிறந்த இரு கூர்மையான பிள்ளைகளில் ஒருவர் கேட்டுக் கேட்டு மரபுக்குள் வேரூன்றினார், மற்றவர் மரபைக் கடந்து போனார். இருவரையும் இன்று நாம் பெரியோர் என்றே வணங்குகிறோம்.

1873 அக்டோபரில், ஐம்பது வயதில், வள்ளலார் மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றிப் பேசினார். தமக்கு முன்பு சைவத்தின்மேல் அளவற்ற பற்று இருந்ததையும், தம் பழைய பாடல்களே அதற்குச் சாட்சி என்பதையும், அப்போது தம் அறிவு சிறிதாக இருந்ததையும் கூடியிருந்தவர்கள் முன் ஒளிக்காமல் சொன்னார். அடியார்கள் போற்றிப் பாடிக்கொண்டிருந்த பாடல்கள் அவை. அதைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பின் யாரும் அவரைக் காணவில்லை.

இத்தனை மாற்றத்திலும் பசித்தவர்மேல் அவர் கொண்ட இரக்கம் மாறவில்லை. 1867 மே 23 அன்று வடலூர் தருமசாலையில் அவர் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அங்கே சாதியும் சமயமும் கேட்டுச் சோறு போடுவதில்லை. சோறு மறுக்கப்பட்ட ஒரு பிள்ளையும், மறைத்து வைத்து ஊட்டிய ஓர் அண்ணியும் அந்த அடுப்புக்குப் பின்னால் இருப்பதாகவே எங்களுக்குத் தோன்றுகிறது.

ஷ்வேப்யிதாவில் கேட்ட கேள்விக்கு எங்களிடம் இன்றும் முழுப் பதில் இல்லை. மூத்தவன் இப்போது வேறு நாட்டில் வேலை செய்கிறான், விளக்கேற்றுவதில்லை. வீட்டுக்கு வரும்போது முதலில் சோறு போடுகிறோம். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, அவன் சொல்வதை முடிவுவரை கேட்கிறோம்.