சாராள் டக்கர் அம்மையார்

பாளையங்கோட்டையிலுள்ள சாராள் டக்கர் கல்லூரியின் பெயரைத் திருநெல்வேலிச் சீமையார் யாவரும் அறிவர். ஆயினும் அப்பெயர்க்குரிய அம்மையார் இந்நாட்டு மண்ணை ஒருநாளும் மிதித்தவரல்லர் என்பதை அறிந்தோர் சிலரே.

இங்கிலாந்தில் வாழ்ந்த அவ்வம்மையார் உடற்குறையுடையவர் என்பது நம் பகுதியில் வழிவழியாக வழங்கும் செய்தி. அவர்தம் உடன்பிறந்தாராகிய ஜான் டக்கர் ஐயர் 1833 முதல் 1847 வரை சென்னையில் சர்ச் மிஷனெரி சங்கத்தின் செயலாளராக விளங்கினார். சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869-ஆம் ஆண்டிலேயாதலின், அந்நாளில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்ற பாய்க்கப்பல்கள் கடிதங்களைக் கொண்டுசேர்க்க மாதங்கள் பல ஆயின. பிற்காலத்தே, சிங்கப்பூருக்குச் சென்ற மைந்தரின் கடிதத்தை எதிர்நோக்கி வாயிலிற் காத்திருந்த கடையநல்லூர்த் தாய்மார் அக்காத்திருப்பின் துயரை நன்குணர்ந்திருப்பர்.

நேரிற் காண இயலாத அம்மையார்க்கு ஊழியர்தம் கடிதங்களும் சங்கத்தின் அறிக்கைகளுமே கண்களாயின. அவற்றாற் பெற்ற அறிவைத் தம்மளவில் வைத்துக்கொள்ளாது பிறர்க்கும் பயன்படுமாறு நூலாக்கினார். தென்னிந்திய ஊழியத் தலங்களைப்பற்றி ஓர் இளந்தோழர்க்கு வரையும் கடிதங்களின் வடிவில் அவர் இயற்றிய நூல் 1842-ஆம் ஆண்டையொட்டி வெளிவந்தது. வட அமெரிக்காவின் ரூபர்ட் நாட்டுத் திருப்பணியைப்பற்றி 1851-லும், மேற்கு ஆப்பிரிக்காவின் அபேயோகுட்டா நகரத்துத் திருப்பணியைப்பற்றி 1853-லும் வேறு இரு நூல்கள் வரைந்தார். தொலைவிற் சென்றோரை ஊரார் மறத்தல் உலக இயல்பு. அம்மறதியை நீக்குதலையே அம்மையார் தம் ஊழியமாகக் கொண்டார்.

அவர் மறைந்தபின், அவர் நினைவாகப் பாளையங்கோட்டையிற் பெண்களை ஆசிரியராக்கும் பயிற்சிச்சாலை எழுந்தது. 1895-ஆம் ஆண்டில் அது கல்லூரி நிலையை அடைந்தது. கையெழுத்திடவும் அறியாத குடும்பங்களிற் பிறந்த பெண்கள், பிறர் பிள்ளைகட்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியைகளாய்ச் சிற்றூர்தோறும் சென்றனர். ஒரு மாதின் எழுதுகோல் தொடங்கிய நட்பு எண்ணிறந்த பெண்களின் கையில் எழுதுகோலைத் தந்தது.

இக்காலத்திற் செய்தி நொடிப்பொழுதிற் கடல் கடக்கின்றது. எனினும், நம் திருச்சபைகளினின்று தொலைநாடு சென்று உழைப்போருட் பலர், வழியனுப்பு விழா முடிந்தபின் நம்மவரிடமிருந்து ஒரு சொல்லும் பெறாது வருந்துகின்றனர். காணிக்கை அனுப்புதலோடு நம் கடன் தீர்ந்ததெனக் கருதுகின்றோம். அவர்தம் பிள்ளைகளின் நலத்தை வினவுவோர் எத்துணையர்? நோயுற்ற நாளில் ஆறுதல் எழுதுவோர் யார்? செல்வதற்கு அழைப்புப் பெற்றோர் சிலராயினும், சென்றோரை மறவாதிருக்கும் அழைப்பு நம் அனைவர்க்கும் உரியது. அவ்வழைப்பிற்கு இணங்கி வாழ்ந்த அம்மையாரை மாணவராகிய நாம் பின்பற்றுவோமாக.